ராஜராஜன் எந்த நாட்டுக்காரன்?

150 ஆண்டுகளுக்கு முன் தஞ்சாவூருக்குப் போய், "இந்தப் பெரிய கோயிலைக் கட்டினது யாருங்க?" என்று கேட்டிருந்தால், ராஜராஜன் என்ற பதில் கிடைத்திருக்காது. தலபுராணம் படித்தவர் கரிகாலன் என்றிருப்பார். அவனுக்கு வந்த நோய் தீர்ந்த கதையையும் சேர்த்துச் சொல்லியிருப்பார். காடுவெட்டிச் சோழன் என்றொரு பெயரும் அடிபட்டது. திருவாசகத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன ஜி.யூ. போப்கூட அந்தப் பெயரைத்தான் நம்பினார்.

இத்தனைக்கும் கட்டியவன் தன் பெயரை ஒளித்து வைக்கவில்லை. விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றிச் சுற்றி, வரி வரியாக, அழகான எழுத்தில் வெட்டி வைத்துவிட்டுத்தான் போயிருந்தான். அந்தப் பழைய எழுத்தைப் படிக்க ஊரில் ஆள் இல்லை. 1886இல் சென்னை மாகாணத்தின் கல்வெட்டு ஆய்வாளராக வந்த ஜெர்மானியர் ஹுல்ட்ஸ், அவருக்குத் துணையாக இருந்த வெங்கய்யா ஆகியோர் படியெடுத்துப் படித்த பிறகுதான், கோயிலின் பெயர் ராஜராஜேச்சரம் என்பதும், அதை எடுப்பித்தவன் முதலாம் ராஜராஜன் என்பதும் ஐயமில்லாமல் தெரிந்தன. 1890களில் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' இரண்டாம் தொகுதியாக அந்த வாசகங்கள் அச்சேறின.

ஆக, இன்று நாம் அறிந்த ராஜராஜனுக்கு வயது ஆயிரமல்ல. ஏறக்குறைய நூற்று நாற்பது. 985 முதல் 1014 வரை ஆண்டவன் ஒருவன். அச்சுப் புத்தகத்திலிருந்து எழுந்து வந்து, மேடையேறி, திரையேறி, ரூபாய் நோட்டிலும் ஏறி, இப்போது தேர்தல் மேடைவரை வந்து நிற்பவன் இன்னொருவன். இந்த இரண்டாமவனை உருவாக்கியதில் ஆளுக்கொரு பங்கு உண்டு. அதனால்தான் ஆளுக்கொரு உரிமையும் கொண்டாடுகிறார்கள்.

முதல் பங்கு அறிஞர்களுடையது. கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியின் 'சோழர்கள்' ஆங்கில நூல் 1935இல் வெளிவரத் தொடங்கியது. வெள்ளைக்காரன் ஆட்சி நடக்கும்போது, கடல் கடந்து போர்புரிந்த, நிலத்தை அங்குலம் அங்குலமாக அளந்து கணக்கு வைத்த ஒரு சொந்த அரசு இங்கே இருந்தது என்று ஆதாரத்தோடு சொல்வது வெறும் சரித்திர ஆராய்ச்சியாக மட்டும் இருக்க முடியாது. உங்களுக்கு ஆளத் தெரியாது என்று சொன்னவர்களுக்கு அது பதிலாகவும் இருந்தது.

ஆனால் சாஸ்திரியைப் படித்தவர்கள் சில ஆயிரம் பேர் என்றால், கல்கியைப் படித்தவர்கள் லட்சக்கணக்கில். 1950 அக்டோபர் இறுதியில் 'பொன்னியின் செல்வன்' தொடங்கியது; மூன்றரை ஆண்டு ஓடியது. கல்கி என்ற ரா. கிருஷ்ணமூர்த்தி மயிலாடுதுறைப் பக்கம் புத்தமங்கலத்தில் பிறந்தவர், காங்கிரஸ்காரர், சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர். வாரம்தோறும் இதழ் வந்ததும் வீட்டில் யார் முதலில் படிப்பது என்ற சண்டையோடு, வீராணம் ஏரியும் பழையாறையும் கோடிக்கரையும் தமிழ்நாடெங்கும் தெரிந்த ஊர்களாயின. குடியரசான அதே ஆண்டில், அரியணையை விட்டுக்கொடுக்கும் ஒரு இளவரசனை அவர் நாயகனாக்கியது தற்செயல் என்று தோன்றவில்லை. நாவலில் அவன் பெயர் அருள்மொழிவர்மன். இன்றைக்கும் பலருடைய மனத்தில் இருப்பது அந்த இளவரசன்தான், கல்வெட்டில் பேசும் நடுவயது அரசன் அல்ல.

தொடர்கதை முடிந்த 1954ஆம் ஆண்டிலேயே இந்திய அரசும் தன் பங்குக்கு ஒன்று செய்தது. ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஆயிரம் ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் தஞ்சைப் பெரிய கோயில் வந்தது. 1978 ஜனவரியில் அந்த நோட்டு செல்லாததாகும் வரை அது இருந்தது. காவிரி டெல்டாவில் அந்தக் காலத்தில் ஆயிரம் ரூபாய் நோட்டைக் கண்ணால் பார்த்தவர்கள் மிராசுதார்களும் நெல் மண்டிக்காரர்களுமாகத்தான் இருந்திருப்பார்கள். கூலி நெல்லாகவே அளக்கப்பட்ட ஊர்களில் நோட்டுக்கு என்ன வேலை!

திராவிட இயக்கத்துக்கு இதில் ஒரு தர்மசங்கடம் இருந்தது. ராஜராஜன் சிவபக்தன், பிராமணர்களுக்கு ஊர் ஊராகத் தானம் செய்தவன். ஆனாலும் தமிழன். கங்கை வரை படை அனுப்பிய மகனைப் பெற்றவன். தமிழுக்கும் ஒரு பேரரசு இருந்தது என்று காட்ட அவனைவிடப் பொருத்தமான ஆள் யார்? டி.கே.எஸ். சகோதரர்கள் நடத்திய அரு. ராமநாதனின் 'ராஜராஜ சோழன்' நாடகம், 1973இல் ஏ.பி. நாகராஜன் இயக்கத்தில் சிவாஜி நடிக்க, தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாக வந்தது. திருக்குவளையில் பிறந்த டெல்டாக்காரரான மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது ராஜராஜனுக்குக் கோயில் வளாகத்திலேயே சிலை வைக்க விரும்பினார். மத்தியத் தொல்லியல் துறை மறுத்துவிட்டது. சிலை வெளியே பூங்காவில் நின்றது. கட்டியவனைக் கட்டிய இடத்துக்குள் விடவில்லை டெல்லி என்று மேடைதோறும் பேச அதுவே போதுமானதாக இருந்தது. பாதுகாக்கப்பட்ட சின்னத்துக்குள் புதுச்சிலை கூடாது என்ற விதி எல்லாக் கோயிலுக்கும் பொதுவானது என்பது மேடைக்குச் சுவைப்படாத விஷயம்.

இது தஞ்சாவூருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. தென்கிழக்கு ஆசியாவைத் தன் வாழ்நாள் ஆய்வாகக் கொண்ட பெனடிக்ட் ஆண்டர்சன், தேசம் என்பது ஒருவரையொருவர் பார்த்தேயிராத மக்கள் தங்களை ஒரே கூட்டமாக எண்ணிக்கொள்வது என்றார். மதுரைக்காரரும் மன்னார்குடிக்காரரும் ஒரே வாரம் ஒரே தொடர்கதையைப் படித்து ஒரே இளவரசனுக்காகக் கவலைப்படும்போது அந்த எண்ணம் பிறக்கிறது. அவருடைய நூல் 1983இல் வந்தது. பின்னால் சேர்த்த ஓர் இயலில் அவர் இன்னொன்றையும் சொன்னார்: மக்கள்தொகைக் கணக்கு, நிலப்படம், அருங்காட்சியகம் மூன்றும் காலனி அரசுகள் தங்கள் வசதிக்காகச் செய்தவை; சுதந்திரம் பெற்ற நாடுகள் அவற்றையே தங்கள் முகவரியாக எடுத்துக்கொண்டன.

அவர் கண்முன் இருந்த உதாரணம் கம்போடியாவின் அங்கோர் வாட். பிரெஞ்சுக்காரர்கள் காட்டை வெட்டி, கல்லை அடுக்கி, ஆய்வு செய்து படம் போட்ட கோயில் அது. கம்போடியாவில் மன்னராட்சி வந்தது, குடியரசு வந்தது, லட்சக்கணக்கானோரைக் கொன்ற கெமர் ரூஜ் வந்தது. ஆட்சியும் கொடியின் நிறமும் மாறினாலும், அந்தக் கொடிகளில் கோயிலின் கோபுரங்கள் மட்டும் தொடர்ந்து வந்தன. 2003 ஜனவரியில், அங்கோர் எங்களுடையது என்று தாய்லாந்து நடிகை ஒருவர் சொன்னதாக ஒரு வதந்தி கிளம்பியது. தாம் சொல்லவேயில்லை என்று அவர் மறுத்தார். அதற்குள் தலைநகர் புனோம் பென்னில் தாய்லாந்துத் தூதரகம் எரிந்துவிட்டது. எல்லையிலிருக்கும் பிரியா விஹார் கோயிலுக்காக அந்த இரண்டு நாடுகளும் சர்வதேச நீதிமன்றம் போய், 1962இல் தீர்ப்பு வந்தும், துப்பாக்கிச் சூடு ஓயவில்லை. சோழனைப் போலவே சிவனுக்குக் கோயில் எடுத்த அரசர்கள். சண்டை போடுபவர்கள் இருபுறமும் பௌத்தர்கள்.

மலேசியாவில் கதை தலைகீழ். நாம் கடாரம் என்று பெருமை பேசும் கெடாவில், பூஜாங் பள்ளத்தாக்கு முழுக்கப் பழைய இந்து, பௌத்தக் கட்டடங்களின் சிதைவுகள் கிடக்கின்றன. 2013 இறுதியில் அவற்றில் ஒன்றை வீட்டுமனை போடுபவர்கள் இடித்துத் தள்ளிய செய்தி வெளியானதும் மலேசியத் தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள். இங்கே ஒரு அரசனுக்குப் பலர் உரிமை கோருகிறார்கள். அங்கே ஒரு கோயிலைக் காக்க ஆளில்லாமல் போயிற்று.

தஞ்சாவூருக்கே திரும்பலாம். 2010 செப்டம்பரில் கோயிலின் ஆயிரமாவது ஆண்டைத் தமிழக அரசு கொண்டாடியது. பத்மா சுப்ரமணியம் தலைமையில் ஆயிரம் பேர் பரதநாட்டியம் ஆடினார்கள். மத்திய அரசு அஞ்சல்தலையும் ஆயிரம் ரூபாய் நாணயமும் வெளியிட்டது. அப்போது சென்னையும் டெல்லியும் கூட்டணி. ஆகவே ராஜராஜன் ஒரே நேரத்தில் தமிழனாகவும் இந்தியனாகவும் இருப்பதில் யாருக்கும் சிரமம் இருக்கவில்லை.

பத்து வருடத்தில் நிலைமை மாறியது. 2020 பிப்ரவரி 5ஆம் தேதி குடமுழுக்கு. வடமொழியில் செய்வதா தமிழில் செய்வதா என்று வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது. இரண்டு மொழியிலும் செய்யலாம் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2022இல் மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' படம் வந்த கையோடு, ராஜராஜனை இந்து மன்னனாக்குகிறார்கள் என்று இயக்குநர் வெற்றிமாறன் பேசினார். அந்தக் காலத்தில் இந்து என்ற பெயரே இல்லை, சைவமும் வைணவமும் சமணமும்தான் என்று கமல்ஹாசன் சேர்ந்துகொண்டார். சிவன் கோயில் கட்டியவன் இந்து இல்லாமல் வேறு என்ன என்று மறுபக்கம் கேட்டது. அந்த நவம்பரிலேயே, ராஜராஜன் பிறந்த நாளைக் கொண்டாடும் சதய விழா இனி அரசு விழா என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார்.

அடுத்த ஆண்டு மே 28. டெல்லியில் புதிய நாடாளுமன்றம் திறந்தபோது மக்களவைத் தலைவர் இருக்கை அருகே ஒரு செங்கோல் நிறுவப்பட்டது. 1947 ஆகஸ்ட் 14 அன்று, மயிலாடுதுறைக்குப் பக்கத்திலுள்ள திருவாவடுதுறை ஆதீனம் அனுப்பிய தம்பிரானும் ஓதுவாரும் நாதஸ்வரச் சக்கரவர்த்தி ராஜரத்தினம் பிள்ளையும் டெல்லி சென்று, நேருவின் வீட்டில் கொடுத்த செங்கோல் அது. சென்னை உம்மிடி நகைக்கடையில் செய்தது. இவ்வளவும் உண்மை, அன்றைய பத்திரிகைகளில் வந்த செய்தி. ஆனால் அது சோழர் முறைப்படி நடந்த ஆட்சி மாற்றச் சடங்கு, மவுண்ட்பேட்டன் கையிலிருந்து வாங்கி நேருவிடம் தரப்பட்டது என்ற பகுதிக்கு அந்தக் காலத்து அரசு ஆவணம் எதையும் யாரும் காட்டவில்லை. டெல்டாவின் ஒரு சைவ மடம் தன் மகிழ்ச்சியைத் தெரிவித்த பரிசு, 76 ஆண்டு கழித்து இந்திய அரசுரிமையின் சின்னமாகிவிட்டது. நடுவில் அது அலகாபாத் அருங்காட்சியகத்தில், தங்கக் கைத்தடி என்ற குறிப்போடு கிடந்தது.

2025 ஜூலை 27. கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடித் திருவாதிரை விழா. பிரதமர் மோடி வந்தார். ராஜராஜனின் மகன் ராஜேந்திரன் பெயரில் நாணயம் வெளியிட்டார். தந்தைக்கும் மகனுக்கும் பெருஞ்சிலைகள் வைப்பதாக அறிவித்தார். மாநில அரசோ, ராஜேந்திரன் வெட்டிய சோழகங்கம் ஏரியைச் சீரமைக்கும் திட்டத்தை முன்வைத்தது. சிலையா ஏரியா என்று ராஜேந்திரனைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்று உள்ளூர் விவசாயியிடம் கேட்க வேண்டியதில்லை.

சதய விழா நெருங்கும்போது தஞ்சாவூரின் சுவர்களைப் பார்க்க வேண்டும். கட்சிச் சுவரொட்டிகளோடு சாதிச் சங்கங்களின் சுவரொட்டிகளும் போட்டி போடும். ஒவ்வொரு சங்கமும் ராஜராஜனைத் தங்கள் குலத்தில் பிறந்தவனாகக் காட்டும். எல்லாவற்றிலும் அதே முறுக்கிய மீசை, அதே கிரீடம். பூங்காச் சிலைக்கு மாலை போட வரிசை கட்டும் அமைப்புகளில் பாதி, மற்ற நாட்களில் ஒன்றையொன்று ஏறெடுத்தும் பார்க்காதவை.

அந்த மீசைக்கும் ஆதாரம் கிடையாது. ராஜராஜன் எப்படி இருந்தான் என்று உறுதியாகக் காட்டும் உருவம் எதுவும் எல்லோரும் ஒப்புக்கொண்டதாக இல்லை. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி, கருவறையைச் சுற்றிய நடையில் நாயக்கர் கால ஓவியத்தின் அடியில் சோழர் ஓவியம் மறைந்திருப்பதைக் கண்டார். அதில் தாடியோடு நிற்கும் இருவரை ராஜராஜனும் கருவூர்த் தேவரும் என்று சிலர் சொல்ல, அது காலண்டர் வரை வந்துவிட்டது. அப்படியல்ல என்று சொல்லும் அறிஞர்களும் இருக்கிறார்கள். ஆதித்தன் சூரியன் என்ற அதிகாரி ராஜராஜனுக்கும் அரசி உலோகமாதேவிக்கும் செப்புத் திருமேனி செய்து வைத்த செய்தி கல்வெட்டில் உண்டு. உயரத்தை முழம், விரல், தோரை என்று நுணுக்கமாகக் குறித்திருக்கிறார். காணாமல் போயிருந்த அந்தச் சிலைகள் என்று கருதப்பட்டவற்றைச் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு அகமதாபாத்திலிருந்த தனியார் அருங்காட்சியகத்திலிருந்து 2018இல் மீட்டு வந்தது. ரயிலில் வந்திறங்கிய அரசனுக்குச் சென்னை சென்ட்ரலிலேயே மேளதாளத்தோடு வரவேற்பு. கல்வெட்டு சொல்லும் சிலை இதுதானா என்ற கேள்வியை எழுப்பிய ஆய்வாளர்களின் குரல் அந்த மேளச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். பெருமைக்காகச் சொல்லப்படும் பாதிக் கதைகள் கோயிலுக்குத் தேவையே இல்லை. விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பார்கள். காலையிலோ மாலையிலோ போனால் நன்றாக விழுவதைப் பார்க்கலாம். உச்சியிலிருப்பது எண்பது டன் ஒற்றைக்கல் என்பார்கள். பல கற்களை இணைத்துச் செய்தது என்கிறார் குடவாயில் பாலசுப்ரமணியன் போன்ற, கோயிலிலேயே வாழ்நாளைக் கழித்த ஆய்வாளர்.

ஒருவனை வீரனாக்கினால், அவனிடம் தோற்றவர்களும் நினைவு வைத்திருப்பார்கள். கர்நாடகத்தில் தலைக்காடு என்ற ஊரைச் சோழர்கள் பிடித்து ராஜராஜபுரம் என்று பெயர் வைத்தார்கள். 1116 வாக்கில் ஹொய்சள விஷ்ணுவர்த்தனன் சோழரை விரட்டி, தலைக்காட்டைக் கொண்டவன் என்று பட்டம் சூட்டிக்கொண்டான். கன்னடப் பள்ளிப்பிள்ளைக்கு அவன் விடுதலை வீரன்.

இலங்கையில் இது இன்னும் கூர்மை. ராஜராஜனின் படை அனுராதபுரத்தை வீழ்த்தியது. ராஜேந்திரன் காலத்தில் ஐந்தாம் மகிந்தன் சிறைபிடிக்கப்பட்டுச் சோழநாட்டிலேயே இறந்தான். விகாரைகளைச் சோழர் சூறையாடியதைச் 'சூளவம்சம்' ஆற்றாமையோடு எழுதி வைத்திருக்கிறது. 1070 வாக்கில் பொலன்னறுவையிலிருந்து சோழரைத் துரத்தியவன் முதலாம் விஜயபாகு. இன்றைய இலங்கை ராணுவத்தில் அவன் பெயரில் ஒரு படைப்பிரிவு இருக்கிறது. சோழநாட்டின் மீது படையெடுத்ததாகச் சொல்லப்படும் கஜபாகுவின் பெயரில் இன்னொன்று. எதிரில் நின்ற விடுதலைப் புலிகளின் கொடியில் சோழரின் புலி. 11ஆம் நூற்றாண்டின் போரை 20ஆம் நூற்றாண்டு துப்பாக்கியால் மறுபடி நடத்தியது. 1995 ஜனவரியில் தஞ்சாவூரில் எட்டாவது உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது, ஈழத்துப் பேராசிரியர் கா. சிவத்தம்பியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உலகத் தமிழுக்கும் ஒரு எல்லைக்கோடு இருந்தது அன்றுதான் பலருக்குத் தெரிந்தது.

பழைய ஆவணங்களோ இந்தக் கோட்டுக்குள் அடங்குவதில்லை. அதே கஜபாகு, சிலப்பதிகாரத்தில் கண்ணகி கோயில் விழாவுக்கு வந்த விருந்தாளி. விஜயபாகுவுக்குப் பின் பொலன்னறுவையில் புத்தரின் பல்லைக் காக்கும் பொறுப்பை ஏற்றவர்கள் வேளைக்காரப் படையினர். அவர்கள் வைத்த கல்வெட்டு தமிழில் இருக்கிறது. சைவனான ராஜராஜன், கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் கட்டிய பௌத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்தான். அந்தச் செப்பேடு நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்ததால் லெய்டன் செப்பேடு என்றே பெயர். தந்தை உறவு கொண்டாடிய கடாரத்தை 1025இல் மகன் கப்பல் அனுப்பி அடித்தான். வணிகம், கௌரவம், கொள்ளை எல்லாம் அதில் இருந்திருக்கும். தமிழன் மலாய்க்காரனை வென்றான் என்று அதைச் சொல்வது நம் காலத்துக் கணக்கு.

அப்படியானால் அந்தக் காலத்துத் தஞ்சாவூர்க்காரர் தம்மை யார் என்று சொல்லிக்கொண்டார்? அதற்கும் பெரிய கோயில் சுவரிலேயே பதில் இருக்கிறது. திருமதிலின் கல்வெட்டு ஒன்று, கோயிலுக்குக் கொண்டுவந்து குடியேற்றிய நானூறு தளிச்சேரிப் பெண்களின் பட்டியல். தெற்குத் தளிச்சேரியில் தென்சிறகில் தலைவீடு சேரமங்கை என்பவளுக்கு. திருவையாற்று உலோகமாதேவீச்சரத்திலிருந்து வந்தவள். அடுத்த வீடு, அடுத்த பெண், எந்த ஊர், எந்தக் கோயில் என்று நானூறு பேருக்கும் கதவிலக்கம் எழுதுவதுபோல எழுதியிருக்கிறார்கள். ஆரூர், நாகப்பட்டினம், பழையாறை, விடைமருதூர் என்று டெல்டாவின் ஊர்கள் பலவும் வருகின்றன. ஒருத்திக்கு ஒரு பங்கு. ஒரு பங்கு என்பது ஆண்டுக்கு 100 கலம் நெல், ஆடவல்லான் என்ற மரக்காலால் அளந்து. திருப்பதியம் பாடும் 48 பேரோடு கொட்டி மத்தளம், உடுக்கை வாசிக்க இருவர். நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல். தச்சர், தையற்காரர், நாவிதர், கணக்கர், விளக்கேற்றுபவர் எல்லோர் பெயரும் உண்டு. நாவிதருக்கும் ராஜராஜப் பெருநாவிசன் என்ற பட்டம். ஊர், கோயில், தொழில், எத்தனை கலம் நெல். அவர்களுடைய அடையாள அட்டை அவ்வளவுதான். தாம் என்ன இனம் என்று கேட்டிருந்தால் கேள்வியே அவர்களுக்குப் புரிந்திருக்காது.

இந்த நெல் எங்கிருந்து வந்தது? கோயிலுக்கு எழுதிக் கொடுத்த ஊர்களின் கணக்கும் அங்கேயே இருக்கிறது. ஈழத்து ஊர்கள்கூட அதில் அடக்கம். ஒவ்வோர் ஊரிலும் மொத்த நிலத்தில் வரி கழித்த இடங்கள் எவை என்று எழுதும்போது குடியிருப்பு, குளம், கோயில், வாய்க்கால் இவற்றோடு கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு, பறைச்சுடுகாடு என்று தனித்தனியே வருகின்றன. செத்த பிறகும் தனிச் சுடுகாடு. பெருமை பேசுபவர்கள் மரக்கால் வரை படித்துவிட்டு நிறுத்திக்கொள்வது இந்த வரிகளுக்கு முன்னால்தான். 2019 ஜூனில் திருப்பனந்தாளில் ஒரு கூட்டத்தில், ராஜராஜன் காலம் ஒடுக்கப்பட்டோருக்கு இருண்ட காலம் என்று இயக்குநர் பா. இரஞ்சித் பேசினார். போலீஸ் வழக்குப் போட்டது. விவகாரம் உயர் நீதிமன்றம் போனது. அவர் சொன்ன எல்லாவற்றுக்கும் சான்று காட்ட முடியுமா என்பது வேறு. ஆயிரம் ஆண்டுக்கு முன் செத்த அரசனைக் குறை சொன்னால் வழக்கு வரும் அளவுக்கு அவன் நமக்கு நெருக்கமாகிவிட்டான்.

சேரிக்காரர்களின் கூலி நெல் கணக்கு அதன்பிறகும் சுலபத்தில் தீரவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு, நாகப்பட்டினம் அருகே கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டுச் செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்த தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் எரிந்து செத்தார்கள். எரித்தவர்களும் எரிந்தவர்களும் தமிழர்கள். அன்றைக்கு ஆட்சியிலிருந்தது தமிழின் பெயரால் முந்திய ஆண்டுதான் வென்று வந்த கட்சி.

டெல்டாவில் இன உணர்வு இன்றைக்கு உண்மையாகவே சூடேறுவது அரசனுக்காக அல்ல, காவிரித் தண்ணீருக்காக. ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் குறுவை; இல்லையென்றால் சம்பாவையே நம்ப வேண்டும். மைசூரும் சென்னையும் முதலில் ஒப்பந்தம் போட்டது 1892இல், ஹுல்ட்ஸ் கல்வெட்டுகளைப் பதிப்பித்துக்கொண்டிருந்த காலம். பிறகு 1924 ஒப்பந்தம், 1990இல் நடுவர் மன்றம், 2018இல் உச்ச நீதிமன்றத்தின் 177.25 டி.எம்.சி. தீர்ப்பு. 1991இல் இடைக்காலத் தீர்ப்பு வந்ததும் பெங்களூரில் தமிழர்கள் அடிபட்டார்கள்; 2016 செப்டம்பரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டிகள் எரிந்தன. மழை நன்றாகப் பெய்த ஆண்டில் இரண்டு பக்கமும் இந்தப் பேச்சே எழாது. கபினி நிரம்பியதும் கன்னட விரோதமும் தமிழ் விரோதமும் எங்கே போயின என்று தேட வேண்டியிருக்கும்.

இதே டெல்டாவில், 1940களில் பண்ணையாட்களைத் திரட்டி, சாணிப்பால் புகட்டுவதும் சவுக்கடியும் இனிக் கிடையாது என்று எழுதி வாங்கிய தலைவர் பி. சீனிவாசராவ். தென்கன்னடத்தில் பிறந்தவர், தாய்மொழி கன்னடம், டெல்டாவுக்கு வந்து தமிழ் பேசிப் பழகியவர். அந்தப் போராட்டங்களின் விளைவுகளுள் ஒன்று 1952இல் வந்த தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். 1961 செப்டம்பர் 30இல் இறந்தார். நினைவிடம் திருத்துறைப்பூண்டியில் இருக்கிறது. ஆண்டுதோறும் அந்தத் தேதியில் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து விவசாயத் தொழிலாளர்கள் செங்கொடியோடு அஞ்சலி செலுத்த வருகிறார்கள். அது சம்பா நாற்றும் நடவும் நடக்கும் மாதம். கர்நாடகம் தண்ணீர் விடவில்லை என்று சாலை மறியல் நடப்பதும் பெரும்பாலும் அந்த மாதத்தில்தான். மறியலுக்குப் போகிறவர்களில் பலர் அஞ்சலிக்கும் போகிறவர்கள்.